‘தொழிலாளர்’ என்ற ஒரு சொல் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் ஆபிரிக்க அடிமை வணிகம் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. தரம் 9இல் படிக்கிற என் பேத்தி அதை வெட்டி வரலாற்று ஒப்படைக் கொப்பியில் ஒட்டிக்கொண்டிருந்தாள், பசை காயும்வரை கொப்பியை வாங்கி நானும் வாசித்தேன். இப்படியான விசயங்களைப் பிள்ளைகளுக்கு எழுத இன்றைக்கு யார் இருக்கிறார்கள், அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் ஒரு சொல் மூன்று நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களை ஆறு இடத்தில் ‘தொழிலாளர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். அந்தத் தொழிலாளர்களில் பலர் வழியில் நோயால் இறந்தார்கள் என்று ஒரு வரி. 1833இல் பிரித்தானியா தன் ஆட்சியில் இருந்த எல்லா அடிமைகளையும் விடுதலை செய்தது என்று கடைசியில் ஒரு வரி. இது எங்களிடமிருந்து வெகுதூரத்தில் நடந்த கதை என்று இன்னொரு வரி. அவ்வளவும் சரியில்லை.

நான் வரலாறு படிப்பித்தவன் இல்லை. தம்பிலுவில் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன், எழுபதுகளில் கூப்பனுக்குச் சீனி நிறுத்துக் கொடுத்த கை இது. இருப்பு, வரவு, கழிவு, சேதம், இவ்வளவும்தான் எனக்குத் தெரிந்த படிப்பு. அதனால்தானோ தெரியவில்லை, அடிமைக் கப்பல்களின் கணக்கைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விளங்காமல் போயிருந்தால் பரவாயில்லை, எல்லாம் நன்றாக விளங்கியது. நான் முப்பது வருடம் கோடு போட்டு எழுதிய அதே நிரல்கள்தான்: ஏற்றியது இத்தனை, இறக்கியது இத்தனை, வழியில் கழிவு இத்தனை. சீனிக்குக் கூட இவ்வளவு கழிவு எழுதினால் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருப்பார்.

தொழிலாளர் என்றால் யார்? சம்பளம் உண்டு, விருப்பமில்லாவிட்டால் நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம், மிஞ்சினால் சங்கம் வைக்கலாம். மாலையில் வீட்டுக்குப் போகலாம், போகிற வீட்டில் பெண்சாதி பிள்ளைகள் தன்னுடைய பெண்சாதி பிள்ளைகளாகவே இருப்பார்கள். கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. கழுத்தில் மரக்கவை மாட்டிக் கரைவரை நடத்திக் கொண்டுவந்து, கோட்டைக்குக் கீழே இருட்டறையில் வாரக்கணக்கில் மாதக்கணக்கில் அடைத்துவைத்து, பல இடங்களில் மாட்டுக்குக் குறி சுடுவதுபோல் தோலில் கம்பனிக் குறி சுட்டு ஏற்றினார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைகூடப் பிறக்கமுன்னமே இன்னொருவனின் சொத்து. 1501 தொடக்கம் 1866 வரை இப்படி ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 இலட்சம் பேர் என்று கப்பல் பதிவேடுகளை வைத்து வரலாற்றாசிரியர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 இலட்சம். இரண்டையும் கழித்தால் வருவது 18 இலட்சம், கிழக்கு மாகாணம் முழுவதிலும் இன்றைக்கு இருக்கிற சனம் ஏறக்குறைய அவ்வளவுதான். இது கடலில் போனவர்கள் மட்டும். பிடிக்கும்போது செத்தவர்களையும் கரைக்கு நடக்கும் வழியில் விழுந்தவர்களையும் அந்த இருட்டறைகளிலேயே முடிந்தவர்களையும் எந்தப் புத்தகமும் முழுதாக எண்ணவில்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் ‘இருப்பில்’ ஏறவில்லை.

அடுத்தது நோய். நோய் வந்தது உண்மைதான், வயிற்றோட்டமும் அம்மையும் கப்பலைக் காலி பண்ணியது உண்மைதான். ஆனால் நோய் தானாக வந்ததா? லிவர்பூலில் இருந்து ஓடிய புரூக்ஸ் என்ற கப்பலின் படம் 1788இல் அச்சிடப்பட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள், கருவாட்டை அடுக்கினதுபோல் மனிதர்கள் கிடப்பார்கள். அதில் ஒரு ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 1 அடி 4 அங்குலம் அகலம். நான் எங்கள் வீட்டுப் பன்பாயை விரித்து அளந்தேன். இரண்டே முக்கால் அடி அகலம், ஒற்றை ஆள் படுக்கிற பாய். அதில் பாதிகூட இல்லை. பேத்தியை அந்தப் பாதியில் படுக்கச் சொன்னேன், சோக்கட்டியால் கோடு போட்டு. படுத்தாள். திரும்பிப் படு என்றேன், கோட்டைத் தாண்டாமல் திரும்ப முடியவில்லை. “எத்தின நாள் அம்மப்பா?” என்று கேட்டாள். ஆறு கிழமை, எட்டுக் கிழமை, காற்று விழுந்தால் மூன்று மாதம் என்றேன். எழும்பிப் போய்விட்டாள்.

அந்தக் கப்பலில் ஏற்ற அனுமதித்தது 454 பேர். அதுவும் இவ்வளவு பேரைத்தான் ஏற்றலாம் என்று அந்த வருடம் சட்டம் வந்தபிறகு உள்ள கணக்கு, அதற்கு முந்திய ஒரு பயணத்தில் அதே கப்பல் 600க்கும் மேல் ஏற்றியிருக்கிறது. ஆண்களை இரண்டிரண்டு பேராகக் காலோடு கால் விலங்கிட்டுக் கிடத்தினார்கள், பக்கத்தில் கிடந்தவர் இரவில் செத்தாலும் விடியும்வரை அந்த உடம்போடுதான். பெண்களைப் பெரும்பாலும் விலங்கில்லாமல் தனியாக வைத்தார்கள், அது இரக்கத்தால் அல்ல, மாலுமிகள் நினைத்தபோது வந்து போகும்படி. சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடியவர்களின் வாயைத் திருகித் திறக்க ஒரு இரும்புக் கருவி இருந்தது. தொமஸ் கிளார்க்சன் என்ற அடிமை எதிர்ப்பாளர் லிவர்பூலில் ஒரு கடையில் அதை விலைக்கு வாங்கினார். கடையில் வைத்து விற்கிற சாமான், கத்தி கத்தரிக்கோல் மாதிரி. கப்பலின் ஓரமெல்லாம் வலை கட்டியிருந்தார்கள், கடலில் குதித்துவிடாமல் இருக்க. எங்கள் கரையில் வலை வீசுவது மீனுக்கு.

இனி அந்தக் கழிவுக் கணக்குக்கு வருகிறேன், இதை எழுதத்தான் பேனை எடுத்தேன். 1781இல் சொங் என்ற லிவர்பூல் வியாபாரிகளின் கப்பல் 442 அடிமைகளோடு ஜமேக்காவுக்குப் புறப்பட்டது. அந்த அளவுக் கப்பலுக்கு இது மிகக் கூடின சுமை. வழிதவறி ஜமேக்காவைத் தாண்டிப் போய்விட்டது, அதற்குள் பலர் செத்துவிட்டார்கள், குடிதண்ணீர் குறைகிறது என்று சொன்னார்கள். இந்த இடத்தில் காப்புறுதி விதியைக் கவனியுங்கள். அடிமை நோயால் செத்தால் நட்டம் கப்பல்காரருக்கு. கப்பலைக் காப்பாற்றுவதற்காகச் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால் நட்டத்தைக் காப்புறுதிக்காரர் கட்டவேண்டும், ஒரு தலைக்கு 30 பவுண். சரி, என்ன செய்தார்கள்? நவம்பர் 29ஆம் திகதி 54 பெண்களையும் பிள்ளைகளையும் அறை யன்னல் வழியாகக் கடலில் தள்ளினார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆண்களை. மொத்தம் 130க்கும் மேல். இடையில் மழை பெய்தது, தண்ணீர் பிடித்தார்கள், பிறகும் எறிந்தார்கள். சிலர் அவர்கள் கை படுமுன் தாங்களாகவே குதித்தார்கள். டிசம்பர் 22இல் ஜமேக்காவில் இறங்கியபோது உயிரோடு இருந்தவர்கள் 208 பேர், பீப்பாய்களில் 400 கலனுக்கு மேல் தண்ணீர் மிச்சம்.

கப்பலின் சொந்தக்காரர்கள் காப்புறுதிப் பணம் கேட்டார்கள். காப்புறுதிக்காரர் கட்டமாட்டோம் என்றார்கள். வழக்குப் போனது, 1783இல், லண்டனில். கொலை வழக்கு என்று நினைக்காதீர்கள், பணத்துக்கான வழக்கு. முதலில் நடுவர் குழு கப்பல்காரருக்குச் சார்பாகத் தீர்த்தது. மேல் விசாரணையில் பிரதம நீதியரசர் மான்ஸ்ஃபீல்ட் பிரபு, நடுவர்கள் இதைக் குதிரைகளை எறிந்த விசயம் போலத்தான் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டு, மறுவிசாரணைக்கு விட்டார். மறுவிசாரணை நடந்ததற்குப் பதிவு இல்லை. கொலைக்காக ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. இந்த விசயத்தை முதலில் ஓடிப்போய் கிரான்வில் ஷார்ப் என்ற அடிமை எதிர்ப்பாளரிடம் சொன்னவர் ஒலவுடா எக்குவியானோ, தானே அடிமையாக இருந்து காசு சேர்த்துத் தன்னை விலைக்கு வாங்கி மீண்ட மனிதர். பின்னால் 1789இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதி அச்சிட்டார். உங்கள் கட்டுரையில் வெள்ளைக்காரப் பெயர்கள் மூன்று இருக்கின்றன, அவர் பெயர் இல்லை.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கப்பலில் செத்தவர்களை எந்த நிரலில் போடுவது, நோயிலா?

கரை இறங்கினவர்கள் பாக்கியசாலிகள் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு கரும்புக் காணியைக் காட்டினால் போதும், ஹிங்குரான பக்கம் போனால் இருக்கிறது. கரும்பு வெட்டுகிறவர்களின் முழங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரும்பு இலை கீறி நூல் நூலாக இருக்கும். வெட்டின கரும்பை ஒன்றிரண்டு நாளைக்குள் பிழியாவிட்டால் புளித்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் கரிபியன் தீவுகளில் ஆலை இரவு பகல் ஓடும், பகலில் காணியில் வெட்டின அதே ஆள் இரவில் உருளைக்குக் கரும்பு கொடுப்பான். தூங்கி விழுந்தால் கை உள்ளே போகும். உருளையை நிறுத்துவதற்குள் ஆளையே இழுத்துவிடும் என்பதால் பக்கத்தில் கோடாரி ஒன்று தயாராக வைத்திருப்பார்கள், கையை வெட்டி எடுக்க. ஜமேக்காவுக்கு மட்டும் அடிமை வணிகக் காலம் முழுவதும் இறக்கியவர்கள் சுமார் 10 இலட்சம் பேர், 1834இல் விடுதலைச் சட்டம் அமுலுக்கு வந்த நாளில் அங்கே இருந்த அடிமைகள், அவர்களின் பிள்ளை பேரப்பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தும், 3 இலட்சத்துச் சொச்சம். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பெருகவேண்டிய இடத்தில் சனம் தேய்ந்திருக்கிறது. வளர்த்தெடுப்பதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு என்று கணக்குப் பார்த்த துரைமார் அங்கே நிறையப் பேர். இவ்வளவும் எதற்கு? தேத்தண்ணிக்குப் போடுகிற சீனிக்கு. நான் கூப்பனுக்கு நிறுத்துக் கொடுத்த அந்தச் சாமானுக்கு.

வெகுதூரத்துக் கதை என்கிறீர்கள். என் பேத்தியும் அவள் தோழிகளும் திண்ணையில் இருந்து தாயம் விளையாடுகிற சோகி இருக்கிறதே, அது மேற்கு ஆபிரிக்காவில் காசு. மாலைதீவில் அள்ளின சோகியை ஒல்லாந்தக் கம்பனி இலங்கைத் துறைமுகங்களில் வாங்கி, கப்பல் ஆடாமல் இருக்க அடித்தளத்தில் பாரமாகப் போட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஏலத்தில் விற்று ஆபிரிக்கக் கரைக்கு அனுப்பி அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். சோழமண்டலக் கரையில் எங்கள் ஆட்கள் நெய்த துணியும் அப்படியே போனது, புதுச்சேரி நீலத்துணிக்கு செனகல் கரையில் பெரிய மதிப்பு. நெய்தவனுக்கும் சோகி பொறுக்கினவனுக்கும் இது தெரிந்திருக்காது, அவர்களை நான் குறை சொல்லவில்லை. இன்னொன்று, போத்துக்கேயர் கட்டின எல்மினாக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1637இல். ஆயிரமாயிரம் பேரை அடைத்துவைத்து ஏற்றின இடம் அது, இன்றைய கானாவில். மட்டக்களப்புக் கோட்டையைப் போத்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தது அதற்கு அடுத்த வருடம், 1638இல். அங்கே ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி, இங்கே அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனி. கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்ற காலத்தில் அந்தத் தடித்த சுவரில் சாய்ந்துகொண்டு எத்தனையோ மணித்தியாலம் நின்றிருக்கிறேன், ஒருநாளும் இதை யோசிக்கவில்லை.

சொல்லை மறைப்பதில் எங்களுக்கும் பழக்கம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் இருந்த பெயர் ஸ்லேவ் ஐலன்ட், அடிமைத் தீவு. தமிழில் நாங்கள் சொல்வது கொம்பனித்தெரு. கொம்பனி பெயரில் தங்கிவிட்டது, அடிமை போய்விட்டான். மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆடும்போது கைதட்டுகிறோம், அந்தப் பெயருக்குள்ளே காப்பிரி, அதாவது இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர், இருப்பதை நினைப்பதில்லை. (காப்பிரிகளின் முன்னோர் பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து இந்து சமுத்திரம் வழியாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அத்திலாந்திக் கதையோடு அதைக் குழப்பவில்லை, ஆனால் கொண்டுவந்த கைகள் சில ஒன்றுதான்.) அதைவிட, 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் வருகிற எசமான்களும் தமிழர், அடிமைகளும் தமிழர். இதை எழுதினால் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

1833 சட்டம் பற்றியும் ஒரு திருத்தம். அந்தச் சட்டம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் பிரதேசங்களையும் சென் ஹெலினாத் தீவையும் விலக்கி வைத்தது, கூடவே இலங்கையையும். இங்கே அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1844இல். ஆக, பிரித்தானியா எல்லோரையும் விடுதலை செய்த வருடத்தில் எங்கள் நாட்டில் அடிமை இருந்தான். மற்ற இடங்களிலும் விடுதலை உடனே வரவில்லை, பயிலுநர் என்று பெயர் மாற்றி 1838 வரை பழைய துரையிடமே சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். பாருங்கள், அங்கேயும் ஒரு நல்ல சொல். நட்டஈடாக 2 கோடி பவுண் கொடுத்தார்கள், அது முழுவதும் எசமான்களுக்கு. அடிமைக்கு ஒரு சதமும் இல்லை. அதற்காக வாங்கிய கடனை இங்கிலாந்து கட்டி முடித்தது 2015இல். இந்தச் சட்டம் வரமுன்னமே அடிமைகள் தாங்களாக எழும்பியதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஹெயிட்டியில் 1791இல் தொடங்கி 1804இல் தனிநாடே ஆக்கிவிட்டார்கள். ஜமேக்காவில் 1831 நத்தார் நாட்களில் பல்லாயிரம் பேர் வேலையை நிறுத்தி எழும்பினார்கள், தலைமை தாங்கிய சாமுவேல் ஷார்ப்பை 1832இல் தூக்கிலிட்டார்கள். லண்டனில் சட்டம் நிறைவேறியது அதற்கு அடுத்த வருடம். இவர்களையும் தொழிலாளர் என்றுதான் எழுதுவீர்களா தெரியாது, வேலைநிறுத்தம் செய்ததால் ஒருவேளை இந்த இடத்தில் மட்டும் பொருந்தும்.

ஒப்பந்தக் கூலிகளாகப் போன எங்கள் சனத்தை நினைத்து நீங்கள் அந்தச் சொல்லைப் போட்டிருக்கலாம். அடிமை போன இடத்துக்குத்தான் கூலி போனான், மொரீசியசுக்கும் கயானாவுக்கும். எங்கள் மலையகத்துக்கும் அந்தக் காலத்தில்தான் வந்தார்கள், மன்னாரிலிருந்து காடு வழியாக நடந்து செத்தவர்கள் கொஞ்சமல்ல. அந்தக் கண்ணீர் பெரியது, அதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்குப் பெயர் இருந்தது, தவணை இருந்தது, அவர்கள் பிள்ளையை ஏலத்தில் விற்கும் உரிமை துரைக்கு இருக்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் இரண்டு பேரும் காணாமல் போவார்கள்.

காணாமல் போவது என்றதும் ஒன்று. எங்கள் பகுதியில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கிற தாய்மாரை நீங்களும் படம் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் முப்பது வருடத்துக்கு மேலாகச் சோறு சாப்பிடுவது எப்படி என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆபிரிக்கக் கரையில் அப்படி எத்தனை தாய் இருந்திருப்பாள். தண்ணிக்குப் போன பிள்ளை திரும்பவில்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். படமும் இல்லை. கடல் என்று ஒன்று இருப்பதே உள்நாட்டில் இருந்த சிலருக்குத் தெரிந்திருக்காது. சுனாமிக்குப் பிறகு கொஞ்ச நாள் இங்கே சிலர் மீன் சாப்பிடாமல் இருந்தார்கள், காரணம் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அத்திலாந்திக்கில் 18 இலட்சம் பேரை நாளுக்கு ஒருவர் இருவராக எறிந்துகொண்டே போனார்கள், கப்பலுக்குப் பின்னால் சுறாக்கள் பழகிப்போய் வந்துகொண்டிருக்கும் என்று மாலுமிகளே எழுதிவைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது நீளமான மறுப்பு இல்லை. அடுத்த ஞாயிறு அதே மாணவர் பக்கத்தில், தொழிலாளர்கள் என்று வந்த இடங்களில் அடிமையாக்கப்பட்ட மனிதர்கள் என்று வாசிக்கவும் என இரண்டு வரி போட்டால் போதும். இடமிருந்தால் 1844ஐயும் சேர்த்துவிடுங்கள். ஒப்படையைப் பேத்தி வருகிற மாதக் கடைசியில் கொடுக்கவேண்டும். அந்த ஆறு சொல்லையும் இப்போதைக்குப் பென்சிலால்தான் வெட்டியிருக்கிறாள், பேப்பரில் வந்த சொல்லைப் பேனையால் வெட்டினால் டீச்சர் ஏசுவாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கக்கடை ஊழியர் ஒருவர்,
தம்பிலுவில், அம்பாறை மாவட்டம்.